பத்து மில்லிகிராமும் நூறு மில்லிகிராமும்

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் இருப்பது ஏறத்தாழ 2 மில்லி திரவம். புபிவக்கெய்ன் என்ற மருந்து அதில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரைந்திருக்கிறது. தேக்கரண்டியில் பாதிகூட நிரம்பாத அந்தத் திரவம் மார்புக்குக் கீழே உடல் முழுவதையும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மரத்துப்போக வைக்கிறது. தாய் விழித்திருக்கிறாள், குழந்தையின் முதல் அழுகை அவள் காதில் விழுகிறது. அதே புபிவக்கெய்னை, கை முறிந்து வந்த ஒருவரின் கழுத்தோரம் நரம்புக் கொத்தைச் சுற்றிப் போடவேண்டுமென்றால் வழக்கமாக 80, 100 மில்லிகிராம் தேவைப்படும். மரத்துப்போவது ஒரு கை மட்டுமே. முதல் ஊசியின் மருந்து முழுவதும் தவறிப்போய் ரத்தக் குழாயில் இறங்கினாலும் பெரியவர் ஒருவரின் இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது அப்படி இறங்கினால் வலிப்பு வரலாம், இதயம் நின்றும் போகலாம். மருந்து ஒன்றேதான். ஆகவே, "இந்த மருந்து பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்கு மருந்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. எவ்வளவு, எங்கே, எத்தனை வேகத்தில், தவறினால் அடுத்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்ற நான்கு கேள்விகளில்தான் பதில் இருக்கிறது. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் மயக்கவியல் துறை பெற்ற பாதுகாப்பில் பெரும்பங்கு புதிய மூலக்கூறுகளால் வந்ததல்ல, மருந்தைக் கையாளும் முறை மாறியதால் வந்தது என்று காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மருந்து வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்கவேண்டும், ஏனென்றால் பலனும் ஆபத்தும் அங்கே ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. நரம்பிழையின் சவ்வில் சோடியம் நுழைவதற்கான வாயில்கள் இருக்கின்றன. அவை திறந்து சோடியம் உள்ளே பாயும்போதுதான் வலி என்ற செய்தி நரம்பின் வழியே ஓடுகிறது. மரத்துப்போகும் மருந்து அந்த வாயிலை உள்பக்கத்திலிருந்து அடைக்கிறது. சவ்வைக் கடந்து உள்ளே போக அது மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்கவேண்டும். உள்ளே போனபின் வாயிலைப் பற்ற மின்னேற்றம் பெற்றாக வேண்டும். சீழ் கோத்த இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடுவதால் உள்ளே நுழையக்கூடிய பங்கு குறைந்துவிடுகிறது. பல் வேரில் சீழ் பிடித்தவருக்கு ஊசிமேல் ஊசி போட்டும் சரியாக மரக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொழுப்பில் நன்றாகக் கரையும் மருந்துக்கு வீரியம் அதிகம். புரதத்தோடு இறுகப் பிணையும் மருந்து நெடுநேரம் நிற்கும். புபிவக்கெய்ன் இரண்டிலும் லிக்னோகெய்னை மிஞ்சியது. அறுவை முடிந்து பல மணி நேரம் வரை வலி தெரியாமல் இருப்பது அதனால்தான். ஆனால் இதயத் தசையிலும் இதே சோடியம் வாயில்கள் இருக்கின்றன. நரம்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணமே இதயத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இதை 1985-ல் கிளார்க்சன், ஹோண்டகெம் என்ற இரு ஆய்வாளர்கள் கினிப் பன்றியின் இதயத் தசையில் காட்டினார்கள். லிக்னோகெய்ன் வாயிலுக்குள் விரைந்து நுழைகிறது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வில் விரைந்து வெளியேறியும் விடுகிறது. புபிவக்கெய்னும் விரைந்து நுழைகிறது. வெளியேறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது. துடிப்புக்குத் துடிப்பு அடைப்பு கூடிக்கொண்டே போகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது அதைச் சீராக்க லிக்னோகெய்னையே நாளம் வழி கொடுத்த காலம் ஒன்று உண்டு, இன்றும் கொடுப்பதுண்டு. அதன் நெருங்கிய உறவான புபிவக்கெய்ன் தாறுமாறாக்குகிறது. லிக்னோகெய்ன் ரத்தத்தில் ஏறினால் முதலில் மூளைதான் முறையிடும்: நாக்கு மரக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும், காதில் இரையும், பிறகு வலிப்பு. இதயம் சாய்வது அதற்கு வெகு தூரத்துக்கு அப்பால். புபிவக்கெய்னில் அந்தத் தூரம் குறுகல். எச்சரிக்கை மணி அடிக்கும் நேரமும் வீடு இடியும் நேரமும் நெருங்கி வந்துவிடுகின்றன. சில சமயம் மணியே அடிப்பதில்லை.

வரலாற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை, ஆனால் அதன் போக்கு இந்த வாதத்துக்கு வேண்டியது. 1884-ல் வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கொல்லர் கண்ணில் கொக்கெய்ன் சொட்டுவிட்டு அறுவை செய்யலாம் என்று காட்டினார். நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதையே நரம்புகளைச் சுற்றி ஊசியாகப் போட்டுப் பார்த்து, தம்மீதே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐன்ஹார்னின் புரோக்கெய்ன், 1943-ல் சுவீடனில் லோஃப்கிரென், லுண்ட்க்விஸ்ட் இருவரின் லிடோகெய்ன் (நாம் லிக்னோகெய்ன் என்பது இதைத்தான்), 1957-ல் அதே நாட்டில் புபிவக்கெய்ன் என்று ஒவ்வொன்றும் முந்தியதன் குறையைத் தீர்க்க வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது இனிக் கவலையில்லை என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. அந்த நம்பிக்கை பலமாக அடிவாங்கிய ஆண்டு 1979.

அந்த ஆண்டு ஆல்பிரைட் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் துறையின் முன்னணி இதழில் ஒரு தலையங்கம் எழுதினார். புபிவக்கெய்ன் அல்லது எடிடோகெய்ன் போட்டவுடன் இதயம் நின்றுபோன நிகழ்வுகள் வெவ்வேறு இடங்களில் நடந்திருக்கின்றன, மருந்து தவறி ரத்தக் குழாயில் போயிருக்கக்கூடும், மூச்சுத் தடைப்பட்டுப் பிறகு இதயம் நின்றதாக இவற்றை விளக்க முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் பிரசவத்தில் இருந்த பெண்களின் இறப்புகளும் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் அடிக்கடி தென்பட்ட எண் 0.75 சதவீதம். இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 0.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம், 0.75 சதவீதத்தில் ஏழரை. ஒரே வீச்சில் 20 மில்லி செலுத்தினால் 150 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மேல்வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதாவது 100. கர்ப்பத்தில் முதுகெலும்புக் கால்வாயின் சிரைகள் வீங்கியிருக்கும், ஆகவே தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்த வைக்கும் எபிடூரல் குழாய் அவற்றுக்குள் நழுவிப்போவது எளிது. இதயம் நின்றபின் மார்பை அழுத்தி மீட்கப் பார்த்தாலும் நிறைமாதக் கருப்பை பெருஞ்சிரையை அழுத்திக்கொண்டிருப்பதால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாது. தவறுவதற்கான வாய்ப்பும், தவறினால் மீள முடியாத நிலையும் ஒரே உடலில் சேர்ந்துவிட்டன. 1984-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பிரசவ மயக்கத்துக்கு 0.75 சதவீதக் கரைசலைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

இங்கே நின்று ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்கவேண்டும். ஹாக்கின்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் சிசேரியனின்போது மயக்க மருந்து சார்ந்து நேர்ந்த தாய் இறப்புகளைத் தொகுத்து 1997-ல் வெளியிட்டார்கள். முதுகு ஊசி, எபிடூரல் முதலிய பகுதி மயக்க முறைகளில் 1979 முதல் 1984 வரை 10 லட்சத்துக்கு 8.6 இறப்புகள். 1985 முதல் 1990 வரை அது 1.9. ஐந்தில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிட்டது. இந்த இரண்டாம் காலகட்டத்தில் புதிய மருந்து எதுவும் வந்திருக்கவில்லை. புபிவக்கெய்னைவிடப் பாதுகாப்பானதாகக் கருதப்படும் ரோபிவக்கெய்ன் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1996-ல். லெவோபுபிவக்கெய்ன் அதற்கும் பிறகு. 1985-க்கும் 1990-க்கும் இடையே பிரசவ அறைகளில் இருந்தது அதே புபிவக்கெய்ன். மாறியவை வேறு: அடர்த்தி குறைந்தது, 20 மில்லியை ஒரே மூச்சில் தள்ளும் வழக்கம் போய், மூன்று மில்லி, ஐந்து மில்லியாகப் பிரித்துப் போட்டு இடையில் நின்று பார்க்கும் வழக்கம் வந்தது, எபிடூரல் குழாய் சிரைக்குள் போயிருக்கிறதா என்று சோதிக்க முதலில் ஒரு சிறு அளவு போடும் பழக்கம் பரவியது. அந்தச் சோதனை எளிமையானது: 3 மில்லி மருந்தில் 15 மைக்ரோகிராம் அட்ரினலின் கலந்திருக்கும். குழாய் சிரையில் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு சட்டென்று ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த எண்களை வைத்து அளவுக்கு மீறி வாதாடக் கூடாது. இறப்புகளே சில பத்துகள்தான். எத்தனை பேருக்கு எந்த மயக்கம் கொடுக்கப்பட்டது என்பதும் மதிப்பீடு. அதே ஆய்வில் முழு மயக்கத்தின் இறப்பு விகிதம் 20-லிருந்து 32.3 ஆக ஏறியதாகத் தெரிகிறது. அதனால் முழு மயக்கம் திடீரென்று மோசமாகிவிட்டது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். நல்ல நிலையில் இருந்த பெண்கள் எல்லாம் முதுகு ஊசிக்குப் போய்விட, உயிருக்குப் போராடும் அவசரங்கள் மட்டும் முழு மயக்கத்துக்கு மிஞ்சியது அந்த ஏற்றத்துக்கு ஒரு பெரிய காரணம். அதே தர்க்கம் மறுபக்கத்துக்கும் பொருந்தும்: பகுதி மயக்கத்தின் இறக்கத்தில் ஒரு பங்கு நலமான பெண்கள் கூடியதால் வந்திருக்கலாம். ஆனாலும் புதிய மூலக்கூறு இல்லாமலே இறப்பு இவ்வளவு இறங்கியது என்பது அசையாமல் நிற்கிறது.

இதற்கு எதிர்ப்பு ஒன்று நியாயமாகவே எழும். ரோபிவக்கெய்ன் உண்மையிலேயே இதயத்துக்கு மெல்லியதுதானே? ஆம். விலங்குச் சோதனைகளும், தாமாக முன்வந்தவர்களின் நாளத்தில் மெல்லச் செலுத்திப் பார்த்த சோதனைகளும் அதைக் காட்டியிருக்கின்றன. புபிவக்கெய்ன் வலக்கை, இடக்கை போன்ற இரு வடிவங்களின் கலவை. இதயத்தை இறுகப் பிடிப்பது அவற்றில் ஒன்று. அதை விலக்கி மற்றதை மட்டும் வைத்துச் செய்வதே லெவோபுபிவக்கெய்ன். ரோபிவக்கெய்னும் அப்படி ஒற்றை வடிவ மருந்தே. வேதியியலின் இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ரோபிவக்கெய்ன் வீரியத்திலும் சற்று மெலிந்தது. அதே அளவு மரக்கவேண்டுமானால் கூடுதல் மில்லிகிராம் போடவேண்டியிருக்கிறது, கிட்டிய லாபத்தில் ஒரு பங்கு அங்கே கரைந்துபோகிறது. மருத்துவரின் மனத்தில் "இது பாதுகாப்பானது" என்ற எண்ணம் பதிந்துவிட்டால் அளவு இன்னும் தாராளமாகும். ரோபிவக்கெய்னால் இதயம் நின்ற நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. பெரிய அளவு மருந்து போடவேண்டிய இடங்களிலும், நாள் முழுவதும் குழாய் வழியே சொட்டிக்கொண்டிருக்கும் இடங்களிலும் புதிய மருந்தைத் தேர்ந்தெடுப்பது சரி. அதைத் தேர்ந்தெடுத்ததாலேயே மற்றக் காவல்களைத் தளர்த்தலாம் என்று நினைப்பதுதான் தவறு.

மேல்வரம்பு என்று அச்சிட்ட எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிக்னோகெய்ன் கிலோவுக்கு நாலரை மில்லிகிராம், அட்ரினலின் சேர்த்தால் ஏழு; புபிவக்கெய்ன் இரண்டு அல்லது இரண்டரை; ரோபிவக்கெய்ன் மூன்று. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் பெரியவர்களில் ரத்தத்தில் ஏறும் மருந்தின் அளவு உடல் எடையோடு ஒட்டி ஏறுவதில்லை. எங்கே போட்டோம் என்பதோடுதான் அது பெரிதும் ஏறி இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையில் போட்ட மருந்து மிக விரைவாக ரத்தத்தில் சேரும். எபிடூரலில் அதைவிட மெதுவாக. தொடை நரம்புகளைச் சுற்றி இன்னும் மெதுவாக. முதியவர், கல்லீரல் நலிந்தவர், இதயம் பலவீனமானவர், நிறைமாதக் கர்ப்பிணி, மாதக் குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் அந்த எண் கீழிறங்கவேண்டும். பின்லாந்தின் ரோசன்பெர்க்கும் சக ஆய்வாளர்களும் 2004-ல் இதை விரிவாக வாதிட்டார்கள்: எல்லாருக்கும் ஒரே மேல்வரம்பு என்பதற்கு வலுவான அறிவியல் அடிப்படை இல்லை. அப்படியானால் வரம்பே வேண்டாமா? வேண்டும். வயலுக்கு வரப்பு வேண்டும் என்பது போல வேண்டும். வரப்புக்கு உள்ளே பள்ளமே இருக்காது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கக் கூடாது. நாளத்துக்குள் நேரடியாகப் போகும் மருந்துக்கு இந்த வரம்புகள் எதுவும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ரத்தக் குழாயில் நேராக இறங்கினால் வரம்பில் பாதிகூடப் போதும், வலிப்பு வர.

பலன் கூட வேண்டுமானால் மருந்து கூடவேண்டும், மருந்து கூடினால் ஆபத்து கூடும் என்பது பொதுவான எண்ணம். நரம்பைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போட்ட காலத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. உடற்கூற்று அடையாளங்களைத் தொட்டுப் பார்த்து ஊசியைச் செலுத்தி, நரம்பு எங்கோ அருகில் இருக்கும் என்ற நம்பிக்கையில் 30, 40 மில்லியை ஊற்றினால் அதில் கொஞ்சமாவது நரம்பைச் சேரும். அல்ட்ராசவுண்டு வந்து இந்தக் கணக்கையே மாற்றியது. திரையில் நரம்பு தேன்கூடு போலத் தெரிகிறது. அருகில் தமனி துடிக்கிறது. அழுத்தினால் அமுங்கும் கரிய வட்டம் சிரை. ஊசியின் முனை நகர்வதும், திரவம் நரம்பைச் சுற்றிக் கரிய வளையமாகப் படர்வதும் தெரிகிறது. மருந்தைத் தள்ளியும் வளையம் தோன்றவில்லை என்றால் மருந்து எங்கே போகிறது என்று கேட்டு அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். தோள் அறுவைக்கான கழுத்தோர நரம்புத் தடையில் ரோபிவக்கெய்ன் 20 மில்லி போட்டவர்களையும் 5 மில்லி மட்டும் போட்டவர்களையும் ரியாசி குழு 2008-ல் ஒப்பிட்டது. வலி நீக்கத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பக்கத்து உதரவிதானம் செயலிழந்தது 20 மில்லி பிரிவில் அனைவருக்கும். 5 மில்லி பிரிவில் 45 சதவீதத்தினருக்கு. நுரையீரல் நலிந்த ஒருவருக்கு இந்த வேறுபாடு மூச்சுக்கும் மூச்சுத்திணறலுக்கும் உள்ள வேறுபாடு. துல்லியம் கூடினால் மருந்து குறைகிறது, பலன் குறைவதில்லை. பாதுகாப்பையும் பலனையும் தராசின் இரு தட்டுகளாக வைத்துப் பேசும் பழக்கத்தை இந்த ஒரு சிறிய ஆய்வே கேள்விக்குள்ளாக்குகிறது.

பெரிய எண்ணிக்கையிலும் இதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பதிவேட்டிலிருந்து 25,336 நரம்புத் தடைகளை பாரிங்டன், குளூகர் இருவரும் 2013-ல் ஆராய்ந்தார்கள். மருந்து ரத்தத்தில் ஏறி நச்சாகிய நிகழ்வுகள் 22, அதாவது ஆயிரத்துக்கு 0.87. அல்ட்ராசவுண்டு பார்த்துப் போட்டவர்களில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. பதிவேட்டு ஆய்வில் யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதில்லை. அல்ட்ராசவுண்டு வைத்திருந்தவர்கள் வேறு விஷயங்களிலும் கவனமானவர்களாக இருந்திருக்கலாம். இந்த எதிர்ப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டதால் என் வாதம் பலவீனப்படவில்லை: கருவி காப்பாற்றியதோ கருவியைப் பிடித்த கவனமான கை காப்பாற்றியதோ, இரண்டுமே மருந்துக்கு வெளியே இருப்பவைதான். அல்ட்ராசவுண்டு பார்த்துப் போட்டும் நச்சுநிலை வந்ததுண்டு. ஆகவே சிறிது சிறிதாகப் போடுவதும், ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும், நோயாளியோடு பேசிக்கொண்டே இருப்பதும் ஓய்வுபெற்ற பழக்கங்கள் ஆகிவிடவில்லை.

இனி, எல்லாம் தவறியபின் என்ன என்ற கேள்வி. இதற்கான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இல்லினாய்ஸைச் சேர்ந்த கை வைன்பெர்க், கொழுப்பு ஏற்றிய எலிகளில் புபிவக்கெய்னின் நச்சு மேலும் கடுமையாகும் என்று எதிர்பார்த்துச் சோதனை செய்தார். நடந்தது நேர்மாறு: அந்த எலிகளின் இதயத்தை நிறுத்தக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. 1998-ல் இதை வெளியிட்டார். பிறகு நாய்களில் சோதித்தபோதும் நின்ற இதயங்கள் மீண்டன. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு உணவாக நாளத்தில் ஏற்றும் பால்வெள்ளை நிறக் கொழுப்புக் கரைசல்தான் அவர் ஏற்றியது. 2006-ல் நியூயார்க்கில் தோள் அறுவைக்காக நரம்புத் தடை போட்ட 58 வயதுக்காரர் ஒருவருக்கு இதயம் நின்றது. ஏறக்குறைய இருபது நிமிடம் எல்லா முயற்சிகளும் செய்து பலிக்காதபோது 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை 100 மில்லி செலுத்தினார்கள். துடிப்பு திரும்பியது, அவர் நலமாக வீடு திரும்பினார். ரோசன்பிளாட் குழு இதை எழுதிய அதே ஆண்டில் ரோபிவக்கெய்ன் நச்சிலிருந்து ஒரு நோயாளி இப்படியே மீண்டதாக ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. இன்றைய வழிகாட்டுதலின்படி கிலோவுக்கு ஒன்றரை மில்லி, இரண்டு மூன்று நிமிடங்களில். 50 கிலோ பெண்ணுக்கு 75 மில்லி. பிறகு தொடர்ந்து சொட்டவிட வேண்டும். இதய மீட்பில் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மில்லிகிராம் அட்ரினலினை இங்கே கொடுக்கக் கூடாது. கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் சிறு சிறு அளவாகத்தான். புரோபோஃபாலும் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அதையே கொடுத்தால் என்ன என்று அவசரத்தில் கை நீண்டுவிடக் கூடாது; அதில் கொழுப்பு குறைவு, சாய்ந்துகொண்டிருக்கும் இதயத்தை அது மேலும் சாய்க்கும்.

மருந்து நச்சால் இதயம் நின்ற மனிதர்களிடம் கொழுப்புக் கரைசலுக்கு முறையான ஒப்பீட்டுச் சோதனை நடந்ததில்லை, நடப்பதும் கடினம். அப்படிப்பட்ட ஒருவருக்குச் சீட்டுக் குலுக்கி இந்தக் கரைசலை மறுக்க நெறிமுறைக் குழு எளிதில் அனுமதிக்காது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் தனித்தனி நிகழ்வுகளின் அறிக்கைகள். பிழைத்தவரைப் பற்றி எழுதும் ஆர்வம் இறந்தவரைப் பற்றி எழுதுவதில் இருப்பதில்லை என்பதால் அவை நல்ல பக்கத்தையே கூட்டிக் காட்டும். பன்றிகளில் நடந்த சில சோதனைகளில் பலன் தெரியவில்லை. இவை எல்லாம் சரியான எதிர்ப்புகள். அவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு, கொழுப்புக் கரைசலை முதல் காவலாக வைத்து நம்பக் கூடாது, கடைசிக் காவலாக வைத்திருந்தே ஆகவேண்டும் என்பது. நரம்புத் தடை போடும் அறையில் ஒரு பாட்டில் இருப்பதற்கு ஆகும் செலவு, அந்த அறையில் இருக்கும் எந்தக் கருவியோடு ஒப்பிட்டாலும் அற்பம். அது மருந்துக் கிடங்கில் பூட்டிய அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

முதுகு ஊசிக்கு வருவோம். தமிழ்நாட்டில் மிக அதிகமானவர்கள் நேரடியாக அனுபவிக்கும் பகுதி மயக்கம் அதுதான். இங்கே மருந்து பத்து மில்லிகிராம் என்பதால் ரத்தத்தில் ஏறும் நச்சு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் ஆபத்து இல்லை என்று அர்த்தமல்ல. பிரான்சில் ஒவ்ரோய் குழு 1,03,730 பகுதி மயக்கங்களைப் பின்தொடர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில் 32 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 26 பேர் முதுகு ஊசி போட்டவர்கள். அதே ஆய்வில் மருந்து ரத்தத்தில் ஏறியதால் வலிப்பு வந்த 23 பேரில் ஒருவருக்குக்கூட இதயம் நிற்கவில்லை. மிகக் குறைந்த மருந்து போட்ட இடத்தில்தான் இதயங்கள் அதிகம் நின்றிருக்கின்றன. காரணம் நச்சு அல்ல. முதுகில் போட்ட மருந்து, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. குழாய்கள் தளர்கின்றன, ரத்தம் கால்களில் தங்குகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. மரப்பு மார்பின் மேல்பகுதிவரை ஏறினால் இதயத்தை முடுக்கும் நரம்புகளும் அடங்கிப்போகின்றன. இதைத் தடுப்பது விழித்த கண்: ஊசி போட்ட முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள் அழுத்தத்தையும் நாடியையும் விடாமல் பார்ப்பது, சரியத் தொடங்கும்போதே மருந்து கொடுப்பது, கர்ப்பிணியை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைப்பது.

முதுகு ஊசியைக் கண்டு மக்கள் பயப்படுவது கால்கள் செயலிழந்துபோவதற்கும் இடுப்பு வலிக்கும். முதல் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் முதுகு ஊசி போட்டுக்கொண்ட இரண்டு தொழிலாளர்களுக்கு இரு கால்களும் நிரந்தரமாகச் செயலிழந்தன. கிருமிநாசினியான ஃபீனால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே மருந்துக் குப்பிக்குள் கசிந்திருக்கும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கருவிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் எஞ்சிய அமிலம்தான் காரணமாக இருந்திருக்கும் என்று பின்னாளில் வாதிட்டவர்கள் உண்டு. எதுவானாலும் குற்றவாளி மயக்க மருந்து அல்ல. பழி மட்டும் அதன்மேல் விழுந்தது, பிரிட்டனில் முதுகு ஊசியே பல ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது. பயத்துக்குச் சரியான மறுமொழி எண்ணிப் பார்ப்பதுதான். அமெரிக்காவில் டிரிப்ஸ், வாண்டம் இருவரும் 10,098 முதுகு ஊசிகளைப் பின்தொடர்ந்து, அந்த மாதிரிப் பெருங்கேடு எதையும் காணவில்லை என்று 1954-ல் எழுதினார்கள். பிரிட்டனே தேசிய அளவில் எண்ணி 2009-ல் வெளியிட்டது: முதுகு ஊசியும் எபிடூரலும் சேர்ந்து ஆண்டுக்கு 7,07,455, மிக மோசமாகக் கணக்கிட்டாலும் நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு 4.2. அவற்றிலும் பிரசவத்துக்காகப் போடப்பட்டவற்றில் ஆபத்து இன்னும் குறைவு. ஆனாலும் மருந்தே நரம்பைச் சுட்ட உதாரணமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் மயிரிழை போன்ற குழாய் வழியே 5 சதவீத லிக்னோகெய்னை முதுகில் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது, அது கலந்து பரவாமல் வால்நரம்புகளைச் சுற்றி ஒரே இடத்தில் தேங்கி அவற்றைப் பழுதாக்கியது. அங்கேயும் இடமும் அடர்த்தியும்தான் மருந்தை விஷமாக்கின.

இடுப்பு வலி வேறு கதை. "முதுகுல ஊசி போட்டதுலேர்ந்து இடுப்பு நிமிர முடியலை" என்று சொல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அந்த வலி பொய்யல்ல. அதைச் சொல்லும் பெண்ணை அலட்சியப்படுத்தும் மருத்துவரிடம் எனக்கு மரியாதை இல்லை. கேள்வி காரணத்தைப் பற்றியது. பர்மிங்காமில் 11,701 தாய்மார்களிடம் கேட்டு 1990-ல் வெளியிட்ட ஆய்வில், எபிடூரல் போட்டுக்கொண்டவர்களிடம் நீண்டகால முதுகுவலி கூடுதலாகவே இருந்தது. ஆனால் அது பழையதை நினைவுபடுத்திக் கேட்ட ஆய்வு. யாருக்கு எபிடூரல் என்பதை முன்கூட்டிச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துப் பின்தொடர்ந்த ஹாவெல் குழுவின் ஆய்வு 2002-ல் வந்தது, 369 பெண்கள், முதுகுவலியில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகளும், ஓய்வின்றிக் குனிந்து நிமிர்ந்து குழந்தையைத் தூக்கும் மாதங்களும் சேர்ந்து தரும் வலிக்கு ஊசி பழி சுமக்கிறது. ஊசியால் உண்மையிலேயே வரக்கூடியது தலைவலி, அதற்கும் காரணம் மருந்தல்ல, ஊசி முனை. வெட்டிக்கொண்டு போகும் முனைக்குப் பதிலாக இழைகளை விலக்கிக்கொண்டு போகும் பென்சில் முனையைப் பயன்படுத்தினால் அந்தத் தலைவலி 11 சதவீதத்திலிருந்து 4.2 சதவீதமாகக் குறைகிறது என்று, 31,000-க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்ற 110 சோதனைகளைத் தொகுத்த 2018-ன் ஆய்வு காட்டியது.

பகுதி மயக்கத்தின் ஆதரவாளர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவதும் உண்டு. முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவுக்கு முழு மயக்கத்தைவிட முதுகு ஊசி உயிரையும் நினைவாற்றலையும் காக்கும் என்று நெடுங்காலம் நம்பினோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 நோயாளிகளிடம் நடந்து 2021-ல் வெளியான சோதனையில் இரண்டு மாத முடிவில் இறந்தவர்கள் அல்லது துணையின்றி நடக்க முடியாமல் போனவர்கள் முதுகு ஊசிப் பிரிவில் 18.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 18. வேறுபாடு இல்லை என்றே கொள்ளவேண்டும். ஆகவே எல்லாருக்கும் எப்போதும் இதுவே சிறந்தது என்று சொல்ல முடியாது. வயிறு காலியில்லாத கர்ப்பிணி, மூச்சுக்குழாய் போடக் கடினமானவர், அறுவைக்குப் பிறகான கடும் வலியை மார்ஃபின் இல்லாமல் கடக்கவேண்டியவர் என்று அதன் பலன் தெளிவாகத் தெரியும் இடங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

இன்று முதுகு ஊசியில் எனக்கு மிகவும் கவலை தருவது குப்பி மாறுவது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்ஸாமிக் அமிலமும் முதுகில் போடும் புபிவக்கெய்னும் சில தயாரிப்புகளில் ஒன்றுபோலவே தெரியும் சிறிய கண்ணாடிக் குப்பிகளில் வருகின்றன. ஒரே தட்டில் அருகருகே இருக்கின்றன. பட்டேல் குழு 2019-ல் தொகுத்த 21 நிகழ்வுகளில், புபிவக்கெய்ன் என்று நினைத்து டிரானெக்ஸாமிக் அமிலத்தை முதுகில் போட்டுவிட்டிருந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தத்தை நிறுத்தி உயிர் காக்கும் மருந்து, முதுகில் போடப்பட்டதால் உயிரை எடுத்தது. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது, உடைக்குமுன் பெயரை உரக்கப் படித்து இன்னொருவர் சரிபார்ப்பது ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை. கருவி வழியிலும் ஒரு தீர்வு வந்திருக்கிறது: முதுகு ஊசிக்கும் நரம்புத் தடைக்கும் தனி அளவில் இணைப்பு, நாளத்தில் மருந்து ஏற்றும் சாதாரண சிரிஞ்சு அதில் பொருந்தாது. எபிடூரல் குழாயில் போகவேண்டியது நாளத்திலும் நாளத்தில் போகவேண்டியது எபிடூரலிலும் போவதை இது தடுக்கும். தவறான குப்பியிலிருந்து உறிஞ்சிய மருந்தை மட்டும் இதனால் தடுக்க முடியாது. இந்தத் தனி இணைப்புக்கான சர்வதேசத் தரம் 2016-ல் வெளியானது. 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் முதுகு ஊசியைத் தம்மீதே போட்டுப் பார்க்கச் சொன்னபோது, உதவியாளர் ஹில்டபிராண்ட் கொண்டுவந்த சிரிஞ்சு ஊசியோடு பொருந்தவில்லை. கொக்கெய்னில் பெரும்பகுதியும் பீரின் தண்டுவட நீரும் ஒழுகிப்போய், அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். அன்று தற்செயலாக நேர்ந்த பொருத்தமின்மையை, நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, வேண்டுமென்றே அளந்து வார்த்துச் செய்கிறார்கள்.